உமிழ்வை அறிக்கையிடும் கடமை: நாட்டின் கணக்கும் ஆலையின் கணக்கும்

கேள்வி – சட்டக்குறிப்பாளர்

பல நாடுகளின் காலநிலைச் சட்டங்களை அருகருகே வைத்துப் படித்து, ஓர் ஒப்பீட்டுக் குறிப்பு எழுதி வருகிறேன். பசுமை இல்ல வாயு உமிழ்வைக் கண்காணித்தல், அறிக்கையிடல், சரிபார்த்தல் ஆகிய மூன்றையும் பெரும்பாலான சட்டங்கள் ஒரே பிரிவில் அடுக்கிவிட்டு, விவரங்களை விதிகளுக்கு ஒதுக்கிவிடுகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கடமை உண்மையில் யாருடையது என்று கேட்டவுடன் குழப்பம் தொடங்குகிறது. பாரிஸ் ஒப்பந்தத்தின் 13ஆவது உறுப்பு நாட்டின் மீது கடமையைச் சுமத்துகிறது. உள்நாட்டுச் சட்டமோ மின் நிலையம், சிமெண்ட் ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற தனித்தனி நிறுவனங்களின் மீது சுமத்துகிறது.

நிறுவனங்கள் எல்லாம் ஒழுங்காக அறிக்கை கொடுத்துவிட்டால், அவற்றைக் கூட்டி நாட்டின் அறிக்கையாக அனுப்பிவிடலாமா? ஐ.நா. அமைப்பின் நிபுணர் குழு நாட்டின் அறிக்கையைப் பரிசீலிப்பதும், ஓர் ஆலையின் அறிக்கையைச் சரிபார்ப்பாளர் பரிசீலிப்பதும் ஒரே தன்மையுள்ள வேலைகளா? சரிபார்ப்பவருக்குக் கட்டணம் கொடுப்பவர் சரிபார்க்கப்படும் நிறுவனத்தாரே என்னும்போது, அந்தச் சான்றுக்குச் சட்டம் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது எந்த நம்பிக்கையில்? இத்துறையில் பணிபுரிவோர் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – கணக்கேட்டுப் பணியாளர்

முதல் கேள்விக்கு விடை, கூட்ட முடியாது என்பதே. இரண்டும் வெவ்வேறு வழியில் உருவாகும் கணக்குகள் என்பதே காரணம்.

நாட்டின் உமிழ்வுக் கணக்கேடு, காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டு அறிவியல் குழுவான ஐபிசிசி 2006இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி தயாரிக்கப்படுகிறது. எரிசக்தி, தொழிற்சாலைச் செயல்முறைகள், வேளாண்மை, நிலப் பயன்பாடும் காடுகளும், கழிவு எனத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நடந்த செயல்பாட்டின் அளவை அதற்குரிய உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகு செயல்பாட்டுக்கு எவ்வளவு வாயு வெளிவரும் என்ற எண்) பெருக்குகிறோம். எத்தனை டன் நிலக்கரி எரிந்தது, எத்தனை மாடுகள் உள்ளன, எவ்வளவு பரப்பில் நீர் தேங்கிய நெல் வயல் இருந்தது என்ற புள்ளிவிவரங்களே இதற்கு அடிப்படை. ஆலையின் அறிக்கையோ அந்த ஆலையின் எரிபொருள் அளவி, கொள்முதல் ரசீது, ஆய்வக முடிவு ஆகியவற்றிலிருந்து பிறப்பது. மாட்டின் வயிற்றிலிருந்து வெளிவரும் மீத்தேனுக்கு எந்த ஆலையும் அறிக்கை தருவதில்லை. சாலையில் ஓடும் வாகனங்களின் நிலையும் அதுவே. போதாக்குறைக்கு, நிறுவனங்களுக்கான சட்டங்கள் ஒரு குறைந்தபட்ச வரம்பை வைத்துச் சிறியவற்றை விட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஆலை ஆண்டுக்கு 25,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வைத் தொட்டாலோ, ஒரு நிறுவனக் குழுமம் மொத்தமாக 50,000 டன்னைத் தொட்டாலோ அறிக்கை கடமையாகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி ஆலை அறிக்கைத் திட்டத்திலும் பல துறைகளுக்கு 25,000 டன்னே வரம்பு. வரம்புக்குக் கீழே உள்ள நூற்றுக்கணக்கான கொதிகலன்கள் நாட்டின் கணக்கில் இருக்கும்; ஆலை அறிக்கைகளின் கூட்டுத்தொகையில் இருக்கமாட்டா.

கூட்ட முடியாது என்பதால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது. ஒரு நாட்டின் சிமெண்ட் ஆலைகள் அனைத்தும் தம் கிளிங்கரின் (சிமெண்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டி) சுண்ணாம்பு விகிதத்தை அளந்து அறிக்கையிட்டால், கணக்கேட்டில் உலகப் பொதுச் சராசரியை இட்டு நிரப்புவதற்குப் பதிலாக அந்நாட்டுக்கே உரிய உமிழ்வுக் காரணியைப் பயன்படுத்தலாம். ஐபிசிசி நெறிகள் முதல் படிநிலை, இரண்டாம் படிநிலை, மூன்றாம் படிநிலை என்று பிரிப்பது இதைத்தான். எனவே ஒரு சட்டத்தை மதிப்பிடும்போது நான் முதலில் தேடுவது தண்டனைப் பிரிவை அல்ல. ஆலைகள் கொடுக்கும் தரவு கணக்கேட்டைத் தயாரிக்கும் அமைப்பின் கைக்கு வந்து சேர வழி செய்யும் பிரிவையே. எரிபொருள் விற்பனைத் தரவு எரிசக்தி அமைச்சகத்திடமும், கால்நடைக் கணக்கெடுப்பு வேளாண் அமைச்சகத்திடமும், தொழிற்சாலை உற்பத்தி விவரம் புள்ளியியல் துறையிடமும் இருக்கும். புள்ளியியல் சட்டங்கள் பெரும்பாலும் தனி நிறுவனத்தின் தரவை வேறு துறைக்குக் கொடுப்பதைத் தடுக்கின்றன. காலநிலைச் சட்டம் அந்தத் தடையை வெளிப்படையாக விலக்கவில்லை என்றால், கணக்கேட்டுப் பணியாளர் ஆண்டுதோறும் வேண்டுகோள் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட சாதாரண நிர்வாகப் பிரிவுகளை ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாட்டின் கணக்கேட்டில் முறை மாறினால், அடிப்படை ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று எல்லா ஆண்டுகளையும் புதிய முறையில் மறுபடி கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் முறை மாற்றத்தால் வந்த குறைவை உமிழ்வுக் குறைவு என்று எண்ணிவிடுவோம். ஆகவே சென்ற அறிக்கையில் இருந்த எண் இந்த அறிக்கையில் மாறியிருப்பது அங்கே குற்றமல்ல. ஆலையின் அறிக்கையில் அப்படி முடியாது. அந்த எண்ணின் மீது ஒதுக்கீடும் கட்டணமும் அபராதமும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அதைத் திறப்பதற்கு விதியில் வகுத்த காரணம் வேண்டும்.

சட்டம் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. புவி வெப்பமாக்கும் திறன் மதிப்புகளை, அதாவது ஒரு வாயு கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனை மடங்கு வெப்பமாக்கும் என்ற எண்களை, சட்டத்தின் உடலில் எழுதக் கூடாது. நூறாண்டுக் கால அளவில் மீத்தேனின் மதிப்பு ஐபிசிசியின் இரண்டாம் மதிப்பீட்டில் 21, நான்காம் மதிப்பீட்டில் 25, ஐந்தாம் மதிப்பீட்டில் 28. பாரிஸ் ஒப்பந்தத்தின் அறிக்கையிடல் விதிகள் ஐந்தாம் மதிப்பீட்டின் மதிப்புகளையே பயன்படுத்தச் சொல்கின்றன. 21 என்று சட்டத்திலேயே எழுதிய நாடு, ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மறுமொழி – களச் சரிபார்ப்பாளர்

சரிபார்ப்பு என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

ஐ.நா. நிபுணர் குழு செய்வது பரிசீலனை. பாரிஸ் ஒப்பந்தத்தின் வெளிப்படைத்தன்மைக் கட்டமைப்பு நாடுகளுக்கு உதவும் வகையிலும், தண்டிக்காத வகையிலும், இறையாண்மையை மதித்தும் நடத்தப்பட வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. 2018இல் கட்டோவிட்சேயில் ஏற்கப்பட்ட விதிகளின்படி இரண்டாண்டுக்கு ஒருமுறை தரப்படும் வெளிப்படைத்தன்மை அறிக்கையை அந்தக் குழு படித்து, விதிகளோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, மேம்படுத்த வேண்டிய இடங்களைக் குறிக்கும். குழு எந்த ஆலையின் அளவியையும் திறந்து பார்க்காது. ஒரு நாட்டின் இலக்கு போதுமானதா என்றும் தீர்ப்பு வழங்காது.

அடுத்தது ஒழுங்குமுறை அமைப்பு தானே செய்யும் சோதனை. அமெரிக்காவின் கூட்டாட்சித் திட்டத்தில் மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பாளர் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மின்னணு வழியில் அறிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்படுபவற்றின் மீது கேள்வி எழுப்புகிறது. மூன்றாவது, நீங்கள் கேட்டது: அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டமும் (ஆலைகள் தம் உமிழ்வுக்கு ஈடாக, வாங்கி விற்கக்கூடிய அனுமதிகளை அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு) கலிபோர்னியாவின் திட்டமும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன.

நாங்கள் ஆலைக்குள் போய்ச் செய்வது என்ன? அறிக்கையில் இருக்கும் இறுதி எண்ணைச் சரிபார்ப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கள் நேரத்தில் பெரும்பங்கு கண்காணிப்புத் திட்டத்துக்கே போகிறது. எந்த எரிபொருள் எந்த அளவியால் அளக்கப்படும், அளவி எப்போது அளவுத்திருத்தம் செய்யப்படும், மாதிரி யார் எடுப்பார், எந்த ஆய்வகத்துக்குப் போகும், தரவு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறும், அளவி பழுதானால் இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டு தொடங்கும் முன்பே அதிகாரி அதற்கு ஒப்புதல் கொடுத்திருப்பார். ஐரோப்பிய விதிகளில் எரிபொருள் அளவின் நிச்சயமின்மைக்குக்கூடப் படிநிலை உண்டு: கீழ்ப்படியில் 7.5 விழுக்காடு வரை ஏற்பார்கள், மேல்படியில் 1.5 விழுக்காடு மட்டுமே. பெரிய ஆலை மேல்படியில் நிற்க வேண்டும். அது தொழில்நுட்ப ரீதியாக இயலாது அல்லது செலவு நியாயமற்றது என்றால் ஆலைதான் அதை மெய்ப்பிக்க வேண்டும். எண்ணுக்குப் போகும் வழி முன்கூட்டியே பூட்டப்பட்டுவிட்டதால், ஆண்டு முடிந்தபின் தனக்குச் சாதகமான முறையைத் தேர்ந்தெடுக்க ஆலைக்கு இடமில்லை. கண்காணிப்புத் திட்டம் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கண்டால் எனக்கு ஐயம் எழும். அங்கே சரிபார்ப்பாளர் எதோடு எதை ஒப்பிடுவார்?

பிழையின் அளவுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பாவில் ஆண்டுக்கு 5,00,000 டன் வரை உமிழும் ஆலைகளுக்கு மொத்தத்தில் 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2 விழுக்காடு. இதைத் தாண்டிய பிழை திருத்தப்படாமல் இருந்தால் அறிக்கை ஏற்புடையது என்று கையெழுத்திட முடியாது.

கட்டணம் கொடுப்பவரையே சோதிக்கும் சிக்கல் உண்மையானது. அதை மறைப்பதில் பொருளில்லை. நிதித் தணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. சட்டங்கள் இதற்குச் சில வேலிகளைப் போடுகின்றன. சரிபார்ப்பு நிறுவனம், இத்தகைய நிறுவனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14065 என்ற பன்னாட்டுத் தரத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதே ஆலைக்கு ஆலோசனை கூறியிருக்கக் கூடாது. ஐரோப்பாவில் தலைமைத் தணிக்கையாளர் ஒருவர் ஓர் ஆலையைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சரிபார்த்தால், அடுத்த மூன்று ஆண்டுகள் அங்கே வரக் கூடாது. கலிபோர்னியாவில் நிறுவனத்தையே ஆறு ஆண்டுகளுக்குப் பின் மாற்ற வேண்டும். பின்னது கடுமையானது, என் பார்வையில் சரியானதும்கூட. ஆள் மாறினாலும் வாடிக்கையாளர் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளராகவே இருப்பார்.

இந்த வேலிகளும் எப்போது உடைகின்றன என்பதற்குச் சீனாவின் அனுபவம் பாடம். அங்கே மின் நிலையங்கள் நிலக்கரியின் கார்பன் அளவைத் தாமே ஆய்வு செய்து அறிவிக்காவிட்டால், வேண்டுமென்றே உயர்வாக வைக்கப்பட்ட பொது மதிப்பைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அளக்கத் தூண்டுவதே நோக்கம். ஆனால் ஆய்வக அறிக்கை ஒவ்வொன்றும் பெரும் பணத்தை மிச்சப்படுத்தும் என்ற நிலையில், மாதிரிகளையும் ஆய்வறிக்கைகளையும் திருத்தும் தொழிலே முளைத்தது. 2022 மார்ச்சில் சூழலியல், சுற்றுச்சூழல் அமைச்சகம் இத்தகைய முறைகேடுகளில் ஈடுபட்ட ஆலோசனை, சோதனை நிறுவனங்களைப் பகிரங்கமாக அறிவித்தது. 2024 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசவையின் (அந்நாட்டு அமைச்சரவை) ஒழுங்குமுறை, ஆலைகளோடு நிற்காமல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களையும் பொறுப்பாளிகளாக்கியது.

இலக்கு மொத்த உமிழ்வாக இல்லாமல், ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்ற செறிவாக இருக்கும் நாடுகளில் இன்னொரு வாசலையும் காக்க வேண்டும். சீனாவின் திட்டமும், 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே இந்தியா கொண்டுவந்த கார்பன் வரவு வணிகத் திட்டமும் அப்படிப்பட்டவை. அங்கே உமிழ்வைக் குறைத்துக் காட்டினாலும் உற்பத்தியைக் கூட்டிக் காட்டினாலும் கிடைக்கும் பலன் ஒன்றே. ஆகவே உற்பத்தி அளவும் உமிழ்வுக்கு இணையான கவனத்தோடு சரிபார்க்கப்பட வேண்டும்.

மறுமொழி – சட்டக்குறிப்பாளர்

இருவருக்கும் நன்றி. கண்காணிப்புத் திட்டத்தை நான் வெறும் இணைப்பு ஆவணமாகவே கருதியிருந்தேன். குறிப்பின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னும் ஒன்று கேட்கிறேன். அறிக்கை தராத நிறுவனத்துக்கு அபராதம் என்பது எல்லாச் சட்டங்களிலும் இருக்கிறது. அறிக்கை தராத, அல்லது அரைகுறையாகத் தரும் அரசை யார் கேட்பது?

மறுமொழி – நிர்வாகச் சட்ட ஆர்வலர்

நிறுவனத்தின் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய உமிழ்வு வணிகத்தில் டன்னுக்கு 100 யூரோ அபராதம் என்று எங்கும் எழுதுகிறார்கள். அது உமிழ்வுக்கு ஈடான அனுமதிகளை ஒப்படைக்கத் தவறியதற்கு விதிக்கப்படுவது, விலைவாசிக் குறியீட்டோடு உயரவும் செய்யும். அறிக்கையிடலில் நடக்கும் மீறலுக்குரிய தண்டனையை ஒவ்வோர் உறுப்பு நாடும் தனித்தனியே வகுக்கிறது. ஆனால் அபராதத்தைவிட வேலை செய்வது வேறு இரண்டு ஏற்பாடுகள். மார்ச் 31க்குள் சரிபார்க்கப்பட்ட அறிக்கை வராவிட்டால், அந்த ஆலை தன் அனுமதிகளை வேறொருவருக்கு மாற்ற முடியாது. அதிகாரியே குறைத்து மதிப்பிட இடமில்லாத வகையில் ஓர் உமிழ்வு எண்ணை மதிப்பிட்டுப் பதிவு செய்துவிடுவார். அறிக்கை கொடுக்காமல் இருப்பது கொடுப்பதைவிடச் செலவு மிக்கதாகிவிட்டால், வழக்குத் தொடர வேண்டிய தேவையே அரிதாகிவிடும். ஆவணங்களைப் பாதுகாக்கும் காலத்தையும் உங்கள் ஒப்பீட்டில் சேருங்கள்: ஐரோப்பாவில் பத்து ஆண்டுகள், ஆஸ்திரேலியாவில் ஐந்து.

இனி அரசின் பக்கம். பன்னாட்டுத் தளத்தில் நீங்கள் தேடும் கண்டிப்பு இல்லை. முதலாவது வெளிப்படைத்தன்மை அறிக்கையை 2024 டிசம்பர் 31க்குள் தர வேண்டும் என்பது விதி. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் அதில் தம் விருப்பப்படி நடக்கும் உரிமை உண்டு. திறன் குறைந்த வளரும் நாடுகளுக்கும் தளர்வுகள் உள்ளன: ஏழு வாயுக்களுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய மூன்றையாவது தந்தால் போதும், கடைசிக் கணக்கு ஆண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியதாக இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்கலாம். தளர்வைப் பயன்படுத்தும் நாடு எந்தத் திறன் குறைவால் என்பதையும், எப்போது சரி செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். தளர்வு தேவையா என்று நிபுணர் குழு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆகவே அரசைக் கேட்கும் வலிமை உள்நாட்டுச் சட்டத்தில்தான் பிறக்க முடியும். பிரிட்டனின் 2008ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 16ஆவது பிரிவு, ஒவ்வோர் ஆண்டின் உமிழ்வையும் அடுத்த இரண்டாம் ஆண்டின் மார்ச் 31க்குள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க அமைச்சரைக் கட்டாயப்படுத்துகிறது. 14ஆவது பிரிவு, கார்பன் வரவுசெலவு (ஐந்தாண்டுக் காலத்தில் நாடு உமிழலாம் என்ற உச்ச அளவு) இலக்கை அடைவதற்கான கொள்கைகளை விளக்கும் அறிக்கையை வைக்கச் சொல்கிறது. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழும், கொள்கைகளை வகுக்கும் கடமையைச் சொல்லும் 13ஆவது பிரிவின் கீழும் அரசின் நிகரப் பூஜ்ய உத்தியைச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. எண்ணிக்கையில் மதிப்பிடப்பட்ட கொள்கைகள் எல்லாம் சேர்ந்து ஆறாவது கார்பன் வரவுசெலவுக்குத் தேவையான குறைப்பில் சுமார் 95 விழுக்காட்டையே தரும் என்ற செய்தி நாடாளுமன்றத்துக்கோ மக்களுக்கோ சொல்லப்படவில்லை என்பது வழக்கின் மையங்களில் ஒன்று. திருத்திய திட்டமும் 2024 மே மாதத்தில் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நீதிபதிகள் கொள்கை நல்லதா கெட்டதா என்று பேசவில்லை. அமைச்சரின் முன்னும் நாடாளுமன்றத்தின் முன்னும் போதிய தகவல் இருந்ததா என்பதையே கேட்டார்கள். அறிக்கையிடும் கடமையை வெறும் தாள் வேலை என்று எண்ணுவோர் அத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

எதிர்த்திசை எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் ஆலை அறிக்கைத் திட்டம், காங்கிரஸ் 2008 நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கொடுத்த உத்தரவின் பேரில், முகமை 2009இல் வகுத்த விதிகளால் உருவானது. 2025 செப்டம்பரில் அதே முகமை அந்தக் கடமைகளில் பெரும்பகுதியை நீக்க முன்மொழிந்தது. கடமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, விதியில் மட்டும் இருக்கிறதா என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் முக்கியமாகிறது. புவி வெப்பமாக்கும் திறன் மதிப்பை விதியில் வையுங்கள் என்று மேலே சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடே. ஆனால் அறிக்கையிடும் கடமையையும், அதை வெளியிட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே வைக்க வேண்டும்.

இடையே ஒன்று: சொந்த நாட்டில் சட்டமே இல்லாத ஏற்றுமதியாளரும் இப்போது தப்ப முடிவதில்லை. இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வுக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் சரிக்கட்டல் ஏற்பாடு 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக் கட்டத்துக்கு வந்துள்ளது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றின் உள்ளடங்கிய உமிழ்வைச் சரிபார்க்கப்பட்ட எண்ணாகக் காட்டாவிட்டால், பொது மதிப்பை ஏற்க வேண்டும்.

மறுமொழி – வளிமண்டல ஆய்வு மாணவர்

இதுவரை பேசியவை எல்லாம் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடும் சரிபார்ப்புகள். காற்றையே அளந்து ஒப்பிடும் வழியும் உண்டு. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் வளிமண்டல நிலையங்களின் அளவீடுகளையும் காற்றோட்ட மாதிரிகளையும் கொண்டு உமிழ்வைப் பின்னோக்கிக் கணித்து, முடிவைத் தங்கள் கணக்கேட்டு அறிக்கைகளில் சேர்க்கின்றன. கார்களின் குளிரூட்டியில் பயன்படும் எச்எஃப்சி-134ஏ வாயுவில் பிரிட்டனின் கணக்கேடு காற்று காட்டியதைவிட மிகுதியாக இருந்தது. கசிவு விகிதம் பற்றிய அனுமானங்களை மறுபரிசீலனை செய்ய அந்த வேறுபாடு வழிவகுத்தது.

இம்முறை நாட்டின் அளவில்தான் நன்கு பொருந்தும். அதைக் கொண்டு ஒரு சிமெண்ட் ஆலையைக் குறை சொல்ல முடியாது. கார்பன் டை ஆக்சைடில் காடும் மண்ணும் உள்ளிழுப்பதும் வெளிவிடுவதும் கலந்துவிடுவதால் சிக்கல் இன்னும் கூடும். மீத்தேனில் நிலைமை மாறி வருகிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மீத்தேன் ஒழுங்குமுறை, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் ஒவ்வொரு மூலத்திலும் கணித்த அளவை, முழு வளாகத்துக்கும் மேலிருந்தோ வெளியிலிருந்தோ எடுத்த அளவீட்டோடு ஒப்பிட வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால் அதிகாரிக்கு உடனே தெரிவித்து, காரணத்தைக் கண்டறிய வேண்டும். உங்கள் குறிப்பில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.